பதின்மூன்றாம் மாதத்துக் கையெழுத்து

தெஸ்ஸே நகரத்துக் கண் மருத்துவ அமைப்பில் வரவுசெலவு முழுக்க லெம்லெம் கையில்தான். இருபது வருஷமாக வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புகிறாள், ஒருமுறைகூடப் பிசகியதில்லை. அப்பேர்ப்பட்டவளை அந்த வியாழக்கிழமை ஒரு தேதி படாதபாடு படுத்திவிட்டது.

திங்கட்கிழமை இலவச அறுவை முகாம். மலைக் கிராமத்துக் கிழவர்கள் இப்போதே வந்து தேவாலய வளாகத்தில் துணி விரித்துவிட்டார்கள். கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் பெட்டியோ நைரோபியில். பணம் போய்ச் சேர்ந்தால்தான் அது விமானம் ஏறும். அந்தப் பணம் நடுவழியில், ஐரோப்பாவில் ஏதோ ஒரு வங்கியில், ஒன்பது நாளாகக் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறது.

அடிஸ் அபாபா வங்கியிலிருந்து பிர்ஹானு கூப்பிட்டான்.

"அக்கா, ஒப்பந்தத்துல தேதி தப்புன்னு ஐரோப்பா வங்கிக்காரன் சொல்றான். பதிமூணாவது மாசமே கிடையாதாம்."

"அவனுக்குக் கிடையாது, நமக்கு இருக்கே. பாகுமே அஞ்சுன்னா செப்டம்பர் பத்துன்னு சொல்றதுதானே?"

"சொன்னேன்க்கா. அப்ப வருஷம் ஏன் ரெண்டாயிரத்துப் பதினாறுன்னு கேக்கறான். எட்டு வருஷப் பழைய ஒப்பந்தத்துக்கு இப்ப எதுக்குப் பணம்ங்கறான்."

உள்ளூர் நாள்காட்டியில் மாதம் பதின்மூன்று, கடைசிக் குட்டி மாதம்தான் பாகுமே; வருஷமும் வெளிநாட்டுக் கணக்குக்கு ஏழெட்டு பின்னால் நிற்கும். அந்தத் தேதியைப் போட்டவர் தலைமை மருத்துவர் அஸ்ரெஸ். வெளிநாட்டுக் காகிதத்தில் வெளிநாட்டுத் தேதி போடுங்கள் என்று அவரிடம் சொல்லிச் சொல்லியே லெம்லெமுக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

"கையெழுத்துப் போட்டா பின்னாலேயே நம்ம தேதியும் வந்துடுது, நான் என்ன பண்ண," என்றார் அவர்.

புதிதாக ஒரு ஒப்பந்தம் அச்சடித்து, அன்றைய தேதி போட வைத்து அனுப்பினாள். ஒரு மணி நேரத்தில் மறுபடி பிர்ஹானு.

"பணம் அனுப்பினது பதினேழாம் தேதி, ஒப்பந்தம் இருபத்தாறா? போடாத ஒப்பந்தத்துக்கு முன்கூட்டியே ஏன் அனுப்பினீங்கன்னு கேக்கறாங்கக்கா."

லெம்லெம் ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்தாள். நாளைக்கு மெஸ்கெல் பண்டிகை, இங்கே வங்கி திறக்காது. அப்புறம் சனி, ஞாயிறு, அங்கே திறக்காது. வெளியே சாயங்காலச் சொக்கப்பனைக்குக் கட்டை அடுக்கும் சத்தம் கேட்டது. பழைய ஒப்பந்தத்தை எடுத்து வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தவள், பக்கத்தைத் திருப்பினாள். நைரோபி வியாபாரி நெகெசாவின் கையெழுத்து. அதன் கீழே அழகாக, செப்டம்பர் 10, 2024.

"பிர்ஹானு, ரெண்டாம் பக்கத்தை அனுப்பினியா?"

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"கையெழுத்து மட்டுந்தானேக்கா இருந்துச்சு..."

"அதுக்குக் கீழே செப்டம்பர் தேதி இருக்கே, அதைத்தான்டா ஒன்பது நாளா கேக்கறான்."

அனுப்பினான். பதில் உடனே வந்தது: இரண்டு வேலைநாளில் பரிசீலிக்கப்படும்.

அந்த ஒரு வரியையும் இரண்டாம் பக்கத்தையும் அப்படியே நெகெசாவுக்கு அனுப்பிவிட்டு, லெம்லெம் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"படிச்சேன். முதல்ல உங்க டாக்டரைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்க," என்றாள் நெகெசா. "பெட்டி சனிக்கிழமை ஏறும். பணம் வரலைன்னா நீங்க வந்து என் கடையில உக்காருங்க."

ஞாயிற்றுக்கிழமை பெட்டி வந்தது. பணம் இன்னும் போய்ச் சேரவில்லை. திங்கட்கிழமை காலை, அறுவைக்குப் போகிற அவசரத்தில் மருத்துவர் பெட்டி கிடைத்ததற்கு நைரோபிக்குப் போகவேண்டிய ரசீதில் கையெழுத்திட்டு, வழக்கம்போல உள்ளூர்த் தேதியும் போட்டார்: மெஸ்கெரெம் 20, 2017.

லெம்லெம் கதவை மறித்து நின்றாள். பேனாவைத் திரும்ப அவர் கையில் திணித்தாள்.

"பக்கத்துலயே இன்னொரு தேதி போடுங்க டாக்டர். போட்டுட்டு அப்புறம் கத்தியை எடுங்க."