முதல் நிலை உறவு

எஃபி கொல்லைக் கதவைத் தட்டும்போதெல்லாம் தோளில் ஒரு துணிக்கொடிக் கம்பு இருக்கும். காட்டில் வெட்டிச் சீவிய கவைக்கம்பு. அதை விற்க நூங்கார் பூர்வகுடிப் பெண்கள் பகலில் வெள்ளையர் ஊருக்குள் வருவதை யாரும் தடுப்பதில்லை.

டல்சியும் நூங்கார்தான். ஆனால் அவளிடம் குடியுரிமைச் சான்றிதழ் இருந்தது. போட்டோ ஒட்டிய சின்னப் புத்தகம். அதை வைத்துத்தான் ஊருக்குள் வீடு, மகள் பெரிலுக்குப் பள்ளியில் இடம். சொந்த இனத்தில் முதல் நிலை உறவுகளான பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் தவிர வேறு யாரோடும் பழகக் கூடாது என்பது நிபந்தனை. எஃபி டல்சியின் பெரியம்மா.

1953 மார்ச்சில் ஒரு வியாழன் மதியம் இருவரும் அடுக்களையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கான்ஸ்டபிள் ராட்வெல் கொல்லை வழியாக, கேட்காமலே உள்ளே வந்தார்.

“ஒரு கொடிக்கயிறு, பதினோரு கம்பு. அவ்வளவு துணியா தோய்க்கிற, டல்சி?”

“இங்க காத்து ஜாஸ்திங்க. ஒடிஞ்சு ஒடிஞ்சு போகுது.”

“ஒண்ணுகூட ஒடியலையே.”

“என் கம்பு ஒடியாதுங்க ஐயா,” என்றாள் எஃபி. “உங்க வீட்டுக்கும் ஒண்ணு தரட்டா? இந்தம்மா யாருன்னே எனக்குத் தெரியாது. வெயிலுக்கு ஒரு வாய் டீ குடுத்தாங்க.”

ராட்வெல் சிரிக்கவில்லை. பையிலிருந்து டல்சியின் பழைய சான்றிதழ் விண்ணப்பத்தை எடுத்துப் பிரித்து, “தாயார்” என்று தொடங்கி, போன மாதம் இறந்தவளின் பெயரை உரக்கப் படித்தார்.

இறந்தவர் பெயரை நூங்கார் மக்கள் வாயால் சொல்வதில்லை. இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் தலை குனிந்தார்கள்.

“கம்பு விக்க வந்தவளுக்கு இந்தப் பேரைக் கேட்டா ஏன் தலை குனியுது?”

அவர் வெள்ளைத்தாள் ஒன்றையும் பேனாவையும் மேசைமேல் வைத்தார். “இவ எனக்கு யாரும் இல்ல, இனிமே வாசப்படி ஏத்த மாட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. மாஜிஸ்ட்ரேட் வரைக்கும் போகாம பாத்துக்கறேன்.”

“போட்டுடுடி,” என்றாள் எஃபி, வேஷத்தை மறந்து. “பெரிலை நெனச்சுப் பாரு.”

டல்சி பேனாவை எடுத்தாள். நிதானமாக ஒரே வரி எழுதிக் கையெழுத்திட்டு நீட்டினாள். இவர் என் அம்மா.

“உங்கம்மா செத்தாச்சு. இவ பெரியம்மா. சட்டத்துல செல்லாது.”

“எங்களுக்கு அம்மாவோட அக்காவும் அம்மாதான். மாஜிஸ்ட்ரேட் கேட்டாலும் இதையேதான் சொல்லுவேன்.”

“புத்தகம் போயிடும்.”

“தெரியும்.”

ராட்வெல் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியேறினார். ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. எஃபி எழுந்தாள்.

“உக்காரு பெரியம்மா. பெரில் இப்ப வந்துடுவா. நாளைக்கு அவளைப் பள்ளிக்கூடத்துக்குள்ள விடுவாங்களான்னு தெரியல. அதை அவகிட்ட சொல்லணும். எனக்குத் தனியா சொல்ல வராது.”