தவளை விழுங்கும் விதம்

எங்கள் வீட்டுப் பல்லிக்கு இருந்த சாப்பாட்டு ஆசையில் பத்தில் ஒரு பங்கு என் கணவருக்கு இருந்திருந்தால் நான் அந்த வாரம் அவ்வளவு கத்தியிருக்க மாட்டேன். ஐப்பசி மழை விட்டதும் ஈசல் வந்துவிடும். ஜன்னலைச் சாத்தினாலும் எந்த இடுக்கு வழியாகவோ நுழைந்து டியூப்லைட்டை மொய்க்கும். பல்லி அசையாமல் காத்திருக்கும், திடீரென்று நாலடி ஓடும், கவ்வும், ஈசலைச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டும், தலையை முன்னால் வெட்டி வெட்டி உள்ளே தள்ளும். பிறகு நாக்கை நீட்டித் தன் கண்ணையே நக்கித் துடைத்துக்கொள்ளும். மூக்கில் குழாயோடு கட்டிலில் சாய்ந்தபடி அவர் இதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

"அது முழுங்குது பாருங்க. நீங்களும் ஒரு வாய் முழுங்குங்களேன்" என்பேன்.

"வேணாம்" என்பார். பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்குத் தெளிவாக வந்த ஒரே சொல் அதுதான். மற்றதெல்லாம் குழறும். இது மட்டும் மணி அடித்ததுபோல வரும்.

பவுல்சாமி சார் என்றால் மந்தைவெளியிலிருந்து சாந்தோம் வரைக்கும் இவரைத் தெரியும். பையன்களுக்கு விலங்கியல் எடுத்தவர். எந்தப் பிராணியைப் பார்த்தாலும் அவரிடம் இரண்டே கேள்விதான். எப்படி நகர்கிறது, எப்படித் தின்கிறது. "இது ரெண்டையும் பாத்துச் சொல்லு, மிச்சத்தை அதுவே சொல்லிடும்" என்பார். நான் கணக்கு டீச்சர். எனக்கு எதற்கு இந்தக் கேள்வியெல்லாம்? சமையலறையில் மூஞ்சூறைக் கண்டால் நான் விளக்குமாற்றைத் தூக்குவேன். அவர் குறுக்கே வந்து நிற்பார். "பாவம் லூயிசா, அதுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. மீசையால தடவிக்கிட்டுத்தான் சுவரோரமா ஓடுது. ஓயாம தின்னுக்கிட்டே இருக்கணும், பட்டினி தாங்காது." அது என் அரிசி டப்பாவுக்குப் பின்னால் நாறடித்துவிட்டுப் போவதைப் பற்றி அவருக்கு ஒன்றுமில்லை.

நாங்கள் கீழ்வீட்டில் இருந்த காலத்தில் மழைக்குக் குளியலறைக்குள் ஒரு தவளை வந்து தங்கிவிட்டது. நான் குளிக்க முடியாமல் வெளியே நிற்கிறேன், இவர் அதற்குக் கரப்பான்பூச்சி பிடித்துப் போடுகிறார். "வாயைப் பாக்காத. கண்ணைப் பாரு, கண்ணைப் பாரு!" பார்த்தேன். நாக்கு போய் வந்தது எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பிதுங்கிய கண் இரண்டும் தலைக்குள் அமுங்கின. இரையைத் தொண்டைக்குள் தள்ளுவதற்குத் தவளை தன் கண்ணையே உள்ளே இறக்குகிறது என்று சொன்னார். அன்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் கண்ணை இறுக மூடி அதேபோல் விழுங்கிக் காட்டினார். நான் சிரித்ததில் எனக்குப் புரையேறிவிட்டது.

அந்த மனிதர்தான் நான்கு மாதமாக மூக்குக் குழாயில் சாப்பிடுகிறார். சாப்பிடுகிறார் என்று சொல்வது தப்பு. நான் ஊற்றுகிறேன், இறங்குகிறது. கஞ்சியைக் காய்ச்சி, அரைத்து, வடிகட்டி, ஆறவைத்து, ஊற்றி, குழாயைத் தண்ணீர் விட்டுக் கழுவி முடித்தால் அடுத்த வேளை வந்துவிடும். அவருடைய இரண்டு கேள்வியை என்னிடம் கேட்டால் என் பதில் இதுதான். கட்டிலிலிருந்து அடுப்புக்கும் அடுப்பிலிருந்து கட்டிலுக்கும் நகர்கிறேன், பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கத்தில் நின்றபடி தின்கிறேன். மூஞ்சூறுக்கும் எனக்கும் பெரிய வித்தியாசமில்லை.

விழுங்கும் பயிற்சி சொல்லித்தர ஜஹனாரா என்ற பெண் திருவல்லிக்கேணியிலிருந்து ஸ்கூட்டரில் வருவாள். பொறுமைசாலி. ஒரு பவுடர் கொடுத்திருந்தாள், அதைக் கலந்தால் தண்ணீர் கூழ்போல் கெட்டியாகும்.

"தண்ணி மாதிரி ஓடுறது நுரையீரலுக்குப் போயிடும் ஆன்ட்டி. காஞ்சது ஒட்டிக்கும். பிஸ்கட், ரஸ்க் எதுவுமே கூடாது. இந்த மாதிரி வழுவழுன்னு இருக்கணும். தலையைக் குனிஞ்சுக்கிட்டு அழுத்தி முழுங்கச் சொல்லுங்க. முழுங்கினதும் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடிச்சுப் பாருங்க, உள்ள எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது."

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் பரிசோதனை. விழுங்கினால் குழாயை எடுத்துவிடுவார்கள். இல்லையென்றால் வயிற்றில் துளை போட்டு அதில் நிரந்தரமாக ஒரு குழாய். இதை அவரிடம் டாக்டரே சொல்லியாயிற்று. சொன்ன நாளிலிருந்துதான் அவர் வாயை மூடிக்கொண்டார். ஸ்பூனைக் கொண்டுபோனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். ஜஹனாரா கெஞ்சினாள், நான் கத்தினேன். வேணாம், வேணாம்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். புதன்கிழமைக்குப் பிறகு துளையே போட்டுக்கொள்ளட்டும் என்று எனக்கும் தோன்ற ஆரம்பித்துவிட்டது. மூக்குக் குழாய் நழுவும் பயம் இருக்காது. யாரையும் கெஞ்ச வேண்டாம். ஊற்றிவிட்டுப் போய்ப் படுக்கலாம். எனக்கு ஆசை என்று மிஞ்சியிருந்தது படுப்பது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை காலையில் டெரன்ஸ் வந்தான். எங்கள் கோவில் பங்கில் படுக்கையாய் இருப்பவர்களுக்கு மாத முதல் வெள்ளிதோறும் பூசையில் மந்திரித்த நற்கருணை அப்பம் எடுத்து வருகிறவர்களில் ஒருவன். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை, அதற்கு முன்னால் இந்தச் சேவை. இவருடைய பழைய மாணவன். போன மாதங்களில் வந்து ஜெபம் மட்டும் சொல்லிவிட்டுப் போனான், அப்போதெல்லாம் இவருக்கு நினைவே சரியாக இல்லை. இந்தத் தடவை அவன் மேசையில் வெள்ளைத் துணி விரித்து, மெழுகுதிரி ஏற்றி, சின்னச் சிமிழைத் திறந்ததும் இவர் வலது கையால் மெத்தையை ஊன்றி நிமிரப் பார்த்தார். நான் முதுகுக்குத் தலையணை கொடுத்தேன்.

"இன்னா சார், வாங்கிக்கிறீங்களா?" என்றான் டெரன்ஸ்.

வாயைத் திறந்தார். ஒரு வாரமாக எனக்குத் திறக்காத வாய்.

எனக்கு அப்போது வந்தது சந்தோஷமா எரிச்சலா என்று தெரியவில்லை. இரண்டும்தான். "கிறிஸ்துவின் திருவுடல்" என்றான் டெரன்ஸ். இவர் ஆமென் என்பதுபோல் ஏதோ சொன்னார். காகிதம்போல் மெல்லிய, வட்டமான அப்பம் நாக்கில் அமர்ந்தது. நாங்கள் மூன்று பேரும் கண்ணை மூடிக்கொண்டோம்.

காய்ந்தது எதுவும் கூடாது என்று அந்தப் பெண் தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள். ரஸ்க்கை வீட்டில் வாங்குவதையே நிறுத்தியிருந்தேன். ஆனால் அப்பம் ஒரு சாப்பாட்டுப் பொருள் என்பது எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பிறந்ததிலிருந்து நாங்கள் அதைச் சாப்பாடாக நினைத்ததே கிடையாது.

சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தேன். இருமல்கூட இல்லை, இருமல் வராமல் தொண்டை இழுத்துக்கொள்ளும் சத்தம். அப்பம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. நல்ல நாக்கு உள்ளவர்களுக்கே ஒட்டும், இவருக்குப் பாதி நாக்கு செத்துக் கிடக்கிறது. மெல்லலாம், மென்றிருந்தால் உடைந்திருக்கும். மெல்லவில்லை. பல்லே படக் கூடாது, தானாகக் கரைய வேண்டும் என்றுதான் எங்கள் தலைமுறைக்கு, முதன்முதலாக அதை வாங்கும் புதுநன்மையின்போது சொல்லித்தந்தார்கள். கடித்தால் இரத்தம் வரும் என்று மடத்து சிஸ்டர் ஒருவர் எங்களைப் பயமுறுத்தியிருக்கிறார். ஒரு பாம்புக்குத் தாடை எப்படி அகல விரியும் என்று ஊருக்கெல்லாம் விளக்கியவர், முகம் சிவந்து, கண்ணில் நீர் வழிய, கடிக்காமல் உட்கார்ந்திருக்கிறார்.

"சார், கடிச்சிடுங்க சார்! தண்ணி குடுங்க ஆன்ட்டி!"

"தண்ணி குடுத்தா செத்துருவாரு!" என்று கத்தினேன். ஆனால் நானும் நின்றுகொண்டுதான் இருந்தேன். விரலைவிட்டு எடுக்க வேண்டும் என்று தெரிகிறது, கை போகவில்லை. அறுபது வருஷமாக நான் அதைக் கையால் தொட்டதில்லை. கையில் கொடுக்க ஆரம்பித்த பிறகும் நாக்கைத்தான் நீட்டினேன். அவருடைய உதடு கறுக்க ஆரம்பித்தது. ஆண்டவரே மன்னியும் என்று சொன்னேனா, நினைத்தேனா, விரலை உள்ளேவிட்டு அண்ணத்திலிருந்து சுரண்டி இழுத்தேன்.

வந்துவிட்டது. அவர் மூச்சை இழுத்து இழுத்து விட்டார். என் உள்ளங்கையில் நனைந்து மடிந்த அப்பம்.

டெரன்ஸ் என் கையையே பார்த்தான். "ஆன்ட்டி... கீழ வெச்சுடாதீங்க. நீங்களே உட்கொண்டுடுங்க. யாராவது உட்கொள்ளணும்."

சரிதான். கையை வாய்க்குக் கொண்டுபோனேன். என் மணிக்கட்டை ஏதோ பிடித்தது. அவருடைய வலது கை. நான்கு மாதத்தில் அந்தக் கையில் அவ்வளவு பலம் இருப்பது எனக்குத் தெரியாது.

"என்... என்னுது" என்றார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "செத்துப் பொழைச்சாச்சு, இன்னும் என்ன? ஒரு வாரமா ஸ்பூனுக்கு வாயைத் திறக்கல. என்னைப் பைத்தியக்காரி ஆக்கிட்டு, இப்ப என்னுதா?"

கையை விடவில்லை. அழுதுகொண்டிருந்தார் என்று நினைக்கிறேன், திணறலில் வந்த நீரும் சேர்ந்திருந்தது. நானும் அழுதேன். அவர் எதையாவது கேட்டு எத்தனை நாளாகிவிட்டது.

காலையில் கலந்துவைத்த கெட்டித் தண்ணீர் மேசையில் அப்படியே இருந்தது. ஒரு ஸ்பூன் எடுத்தேன். அப்பத்தில் துளியூண்டு கிள்ளி அதில் போட்டுக் குழைத்தேன். டெரன்ஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"சும்மா இரு. பங்குச் சாமியார் கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

"குனிங்க" என்றேன். குனிந்தார். வாய்க்குள் வைத்தேன். உதடு மூடியது. ஒன்றும் நடக்கவில்லை. தொண்டை சும்மா கிடந்தது. கெட்டித் தண்ணீர் இடப்பக்க உதட்டோரம் ஒழுகத் தொடங்கியது. அவ்வளவுதான், இதுவும் வெளியே வரப்போகிறது என்று துண்டை எடுத்தேன்.

அப்போது கண்ணை மூடினார். சும்மா மூடவில்லை. இமை சுருங்கி, புருவம் இறங்கி, கண் இரண்டும் மண்டைக்குள் போகிற மாதிரி அழுத்தி மூடினார். சாப்பாட்டு மேசையில் எனக்குக் காட்டிய அதே கண். தொண்டைமேடு நடுங்கியது, மேலே ஏறியது, நின்றது, இறங்கியது.

"வாயைத் திறங்க."

திறந்தார். டார்ச்சைத் தேடி எடுத்து அடித்தேன். நாக்குக்கு மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன், இடப்பக்கக் கன்னத்துக்குள் விரல்விட்டுத் தடவிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. இருமவும் இல்லை.

"போயிடுச்சா ஆன்ட்டி?" என்றான் டெரன்ஸ்.

"போயிடுச்சு."

உள்ளங்கையில் மிச்சமிருந்ததை நான் உட்கொண்டேன். சிலுவை போட்டுக்கொண்டு டார்ச்சை அணைத்தேன். அவர் வாய் இன்னும் திறந்தே இருந்தது.

"முடிஞ்சுதுங்க. மூடிக்கோங்க."

மூடவில்லை. வலது கையைத் தூக்கி, அடுப்படிப் பக்கம் காட்டினார். அங்கே குழாயில் ஊற்றுவதற்காக வடிகட்டி வைத்த கஞ்சிதான் இருந்தது.

"அது ஆறிப்போச்சு" என்றேன்.

வாயைத் திறந்தபடியே இருந்தார். நான் பவுடர் டப்பாவையும் எடுத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனேன்.