பச்சைக்கு இறங்காத பலகை

ஆரஞ்சுத் தகட்டுக்குப் புது பெயின்ட் அடித்தவன், காயட்டும் என்று கைக்கு எட்டிய கொக்கியில் மாட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன். அது தளத்தின் உஷார் நிலையைக் காட்டும் வாசல் பலகையின் கொக்கி. அங்கே தொங்க வேண்டிய பச்சைத் தகடு, பெயின்டுக்குத் தன் முறை வரட்டும் என்று என் டப்பாக்களுக்கு நடுவே படுத்திருந்தது. திரும்பி வருவதற்குள் எங்கள் விமானத் தளம் பாதிப் போருக்குத் தயாராகியிருந்தது.

பச்சை என்றால் வழக்கமான நாள். மஞ்சள் என்றால் காவல் இரட்டிப்பு. ஆரஞ்சு என்றால் விமானங்களுக்கு எரிபொருள், விமானிகளுக்கு பூட்ஸ், மற்ற எல்லோருக்கும் லீவு ரத்து. சிவப்புத் தகட்டை யாரும் பார்த்ததில்லை, பெயின்ட் அடிக்கிற என்னைத் தவிர.

ரத்தான லீவுகளில் ஒன்று ஒயர்லெஸ் அறையில் வேலை பார்ப்பவளுடையது. அவளிடம் கல்யாணப் பேச்சை எடுத்து மாதக்கணக்காகிறது. கேட்கும்போதெல்லாம், "தயார் நிலையில இருங்க" என்பாள். அன்று மாலை பஸ்ஸில் ஊருக்குப் போய், அப்பாவிடம் பேசிவிட்டு வந்து முடிவு சொல்வதாக இருந்தாள். வேண்டாம் என்றுவிடுவாளோ என்று பயந்து நானே பஸ்ஸைக் கெடுத்துவிட்டதாக சமையல்கட்டில் பேசிக்கொண்டார்கள். அவ்வளவு மூளை இருந்தால் கொக்கியைப் பார்த்து மாட்டியிருக்க மாட்டேனா?

அதிகாரியிடம் ஓடி நடந்ததைச் சொன்னேன். நிலையை ஏற்றுவதற்குப் பலகை போதுமாம், இறக்குவதற்குத் தலைமையகத்தின் உத்தரவு வேண்டுமாம். உத்தரவு கேட்டார், ஆனால் பெயின்ட் விஷயத்தை மேலே சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. தாங்கள் ஏற்றாததைத் தாங்கள் எப்படி இறக்குவது என்றது தலைமையகம். அப்புறம், இவர்களுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று தானும் மஞ்சளுக்கு ஏறிக்கொண்டது. அதிகாரிக்கு முகம் மலர்ந்தது.

"பாத்தியா, மேலிடமே ஏறிடுச்சு. அப்ப நாம இருக்கறது சரிதான்."

எப்போது இறங்கும் என்றேன். நிலைமையைப் பொறுத்தது என்றார். அந்த நிலைமை கையில் பிரஷ்ஷோடு அவர் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தது.

கடைசியில் ஒயர்லெஸ் அறைக்கே போனேன். நான் வாயைத் திறக்கும் முன் அவள் என் விரல்களில் இருந்த ஆரஞ்சைப் பார்த்துவிட்டாள். ஒன்றும் கேட்காமல் மைக்கை எடுத்துத் தலைமையகத்தை அழைத்தாள்.

"எங்க பெயின்டர் தகட்டைக் காயப் போட்டிருக்காரு. எதிரி யாரும் வரல."

எதிர்முனையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். பச்சைக்கு இறங்க உத்தரவு வந்தது.

நான் பச்சைத் தகட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது பையோடு வாசலுக்கு வந்தாள். அப்பாவிடம் என்ன சொல்லப் போகிறாள் என்று முதுகைக் காட்டியபடியே கேட்டேன். அந்தப் பழைய பதிலுக்குத் தயார் நிலையில்தான் இருந்தேன்.

"உங்களைத்தான் கட்டிக்கப் போறேன்னு. அதுக்குத்தான் லீவே போட்டேன்."