ரவுண்டானாவில் ஏழாம் வாய்ப்பாடு

பிள்ளைகளை இனி வீட்டிலேயே படிக்க வைப்பது என்று முடிவான அன்று, டிரைவிங் மாஸ்டர் முதல் வேலையாக ஒரு பெரிய அட்டை வாங்கி ஆறு கலரில் கால அட்டவணை போட்டார். ஒன்பது மணி கணக்கு, பத்து மணி மொழிப்பாடம், பதினொரு மணி அறிவியல். அழகென்றால் அப்படியோர் அழகு. மறுநாள் ஒன்பது மணிக்குச் சின்னவளைக் காணோம். பத்து மணிக்குக் கணக்கு நோட்டைக் காணோம். பதினொரு மணிக்கு மாஸ்டரையே காணோம், கார் ஓட்டப் பழக ஆள் வந்துவிட்டது.

மனைவிக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, காலையில் போனால் இருட்டித்தான் வருவாள். பிள்ளைகளைத் தனியாக விட முடியுமா? இரண்டு பேரையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டார். பள்ளிக்கூடம் அங்கே தானாக அமைந்துவிட்டது.

ஓட்டுகிறவரின் லட்சணத்தைப் பொறுத்துப் பாடம். திங்கட்கிழமை துணிக்கடைக்காரம்மா, நடந்து போகிறவர்கள் எல்லாம் முந்திப் போவார்கள். ஒரு தெரு முடிவதற்குள் கதைப்புத்தகத்தில் இரண்டு அத்தியாயம் ஓடிவிடும். செவ்வாய்க்கிழமை புது மாப்பிள்ளை, பத்தடிக்கு ஒரு பிரேக். எழுதினால் கோடு ஜன்னல் வரைக்கும் போகும், ஆகவே வாயால் சொல்லும் பாடம் மட்டும். புதன் வண்டிக்கு சர்வீஸ், பிள்ளைகளுக்கு லீவு. வெள்ளிக்கிழமை பேங்க் மேனேஜரம்மா ரிவர்ஸ் மட்டுமே பழகினார், அன்றைக்குச் சரித்திரம். வியாழக்கிழமைதான் பல் டாக்டர். நல்ல மனுஷர், ஆனால் ரவுண்டானாவுக்குள் போனால் வெளியே வரத் தெரியாது. அவர் சுற்றிக்கொண்டிருக்கும் வரை வாய்ப்பாடு.

இத்தனையும் பெரியவளுக்காகத்தான். பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் அவள் வாயே திறக்கவில்லை. 'அமைதியான பிள்ளை' என்று டீச்சர் எழுதி அனுப்பியதை மாஸ்டர் பெருமையாக நினைத்து எல்லோரிடமும் காட்டினார். பாத்ரூம் போகக்கூடக் கேட்கப் பயந்து சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. அதை நினைத்தால் இப்போதும் அவருக்குத் தன்னையே அறைந்துகொள்ளத் தோன்றும். அந்தப் பிள்ளை இப்போது பின்சீட்டில் லொடலொடவென்று பேசுகிறாள். தான் சொல்லிக்கொடுக்கும் சாமர்த்தியம் என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார்.

ஒரு வியாழக்கிழமை காலை கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் பரிசோதனைக்கு வந்தார். பிள்ளை தன் வாயால் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த மாதம் பள்ளிக்கூடம்.

அதிகாரி மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பெரியவளை நேருக்கு நேர் பார்த்தார். "ஏழும் ஏழும் பெருக்கினா எவ்வளவும்மா?"

பெரியவள் கப்சிப்.

"நாப்பத்தொம்போது" என்றாள் சின்னவள்.

"உன்னைக் கேக்கல பாப்பா."

"பரவால்ல மேடம், நான் சும்மாதான் இருக்கேன்."

அதிகாரி சுவரைப் பார்த்தார். "இந்த டைம்டேபிள்படிதான் தினமும் படிக்கிறீங்களா?"

"இல்ல, அங்க சுவத்துல ஓட்டை. அதை மறைக்க அப்பா ஒட்டிருக்காரு."

இன்னும் நாலு கேள்வி. பெரியவள் மேஜை விளிம்பைச் சுரண்டினாளே தவிர உதடு பிரியவில்லை. அதிகாரி ஃபைலை மூடினார். "வருத்தமாத்தான் இருக்கு சார். ஸ்கூல்ல சேத்துடுங்க."

வாசலில் ஹாரன் அடித்தது. பல் டாக்டர்.

"ஆபீஸ்ல இறக்கி விடறேன் மேடம், போற வழிதான்" என்றார் மாஸ்டர். அது போகிற வழியே இல்லை, சுத்தப் பொய்.

டாக்டர் ஸ்டியரிங்கைப் பிடித்தார். பக்கத்தில் மாஸ்டர். பின்னால் இரண்டு பெண்களுக்கும் நடுவில் அதிகாரி, மடியில் ஃபைல், காலடியில் பை. பதற்றம் வந்தால் டாக்டர் தன்னையே பேஷண்டாக நினைத்துக்கொள்வார். "வலிக்காது, ஒண்ணும் ஆகாது, அவ்வளவுதான்" என்று முணுமுணுத்தபடி ரவுண்டானாவுக்குள் நுழைந்தார்.

நுழைந்ததும் பின்சீட்டில் குரல் கிளம்பியது. "ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு, மூவேழு இருபத்தொண்ணு..."

பெரியவள்தான். ஒரு சுற்று. இரண்டு சுற்று. எழுபது வந்தும் டாக்டர் வெளியே வரவில்லை, அவளும் நிறுத்தவில்லை. அதிகாரி முன்சீட்டைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடியிருந்தார். "பத்தொம்போது ஏழு நூத்துமுப்பத்திமூணு" என்றபோது கண்ணைத் திறந்து அவள் பக்கம் திரும்பினார். குரல் பட்டென்று நின்றது.

கண்ணாடியில் இதைப் பார்த்த மாஸ்டருக்கு என்னவோ உறைத்தது. "மேடம், திரும்பாம கேளுங்க" என்றார் மெதுவாக.

அதிகாரி ரோட்டைப் பார்த்தபடி கேட்டார். "இவ்வளவு தெரியுதே. வீட்டுல ஏம்மா சொல்லல?"

"அங்க என் மூஞ்சியையே பாக்கறீங்க. ஸ்கூல்லயும் எல்லாரும் பாப்பாங்க. வண்டியில எல்லாரும் ரோட்டைத்தான் பாக்கறாங்க."

மாஸ்டருக்கு அப்போதுதான் புரிந்தது. தன் சாமர்த்தியமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஒன்றுதான் அவர் செய்த உபகாரம்.

டாக்டர் மனசு இளகி, பின்னால் திரும்பி அவளைப் பார்த்தார்.

"மாமா, நீங்க ரோட்டைப் பாருங்க" என்றாள் பெரியவள். அந்த அதட்டலில் கார் எப்படியோ ரவுண்டானாவை விட்டு வெளியே வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அதிகாரிக்குக் கேள்வி கேட்கவே தேவைப்படவில்லை, பெரியவளின் வாயை மூட வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. ஆபீஸ் வாசலில் 'வீட்டிலேயே தொடரலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். 'படிக்கும் இடம்' என்ற கட்டத்தில், சின்னவள் சொல்லச் சொல்ல, கார் நம்பரை எழுதினார். இறங்கித் தள்ளாடி நடந்தார்.

பெரியவள் ஜன்னலை இறக்கினாள். "மேடம், பையை விட்டுட்டீங்க." தெருவே கேட்கிற குரல்.

அதிகாரி திரும்பி வந்தார். பாவம், கவனமாகத் தரையைப் பார்த்தபடியே பைக்காகக் கையை நீட்டினார்.

"பரவால்ல மேடம்" என்றாள் பெரியவள். "என்னைப் பாக்கலாம்."

அதிகாரி பார்த்தார். மாஸ்டர் மட்டும் நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்திருந்ததில் ரோடும் சரியாகத் தெரியவில்லை.