பேதுருவின் மாமியாருக்குக் காய்ச்சல்

காலையில் மாப்பிள்ளை குளியலறையில் நின்றுகொண்டு அன்றைய வாசகச் சிந்தனையைப் போனில் பதிவுசெய்து பங்குக் கோயில் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புவது வழக்கம். அங்கேதான் குரல் கோயிலில் ஒலிப்பதுபோல் கேட்குமாம். லிஃப்ட் மெக்கானிக்குக்குக்கூடவா குரல் வளம் வேண்டும் என்று அவருடைய மாமியாருக்குத் தோன்றும். ஆனாலும், பொண்ணைக் கொடுத்த இடத்தில் வாயைக் கொடுக்கக் கூடாது என்று சும்மா இருந்துவிடுவாள்.

வாயைத் தவிர மற்றதெல்லாம் அவள்தான் கொடுத்தாள். பகலில் துணிக்கடைகளுக்குப் பேண்ட் நீளம் குறைத்து, ஜிப் மாற்றித் தைத்துக் கொடுப்பாள். மாலையில் வீட்டுக்குச் சமைப்பாள். மகள் மருத்துவமனை லேபில் ரத்தம் எடுப்பவள். ஷிஃப்ட் முடிந்து வரும்போது அவள் உடம்பிலேயே ரத்தம் இருக்காது.

அந்தப் புதன்கிழமை விடியும்போதே மாமியாருக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. இரண்டு போர்வைக்குள் பல் கிட்டிக்கொண்டிருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளையின் குரல் முழங்கியது.

"அன்பானவர்களே, இன்றைய நற்செய்தியில் பேதுருவின் மாமியார் காய்ச்சலாய்க் கிடக்கிறார். இயேசு வந்ததும் காய்ச்சல் பறந்துவிடுகிறது. அந்தத் தாய் என்ன செய்தார்? ஓய்வெடுத்தாரா? இல்லை! உடனே எழுந்து எல்லாருக்கும் பணிவிடை செய்தார். அதுதான் விசுவாசம்!"

"அது விசுவாசம் இல்ல, தலையெழுத்து" என்றாள் இவள் தலையணையிடம்.

மகள் வேலைக்குக் கிளம்பும்போது நெற்றியைத் தொட்டுப் பார்த்துப் பதறி, மாத்திரைகளை எடுத்து வைத்து, "அடுப்படிப் பக்கமே போகக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். மாப்பிள்ளை அதற்கு முன்பே போய்விட்டார். எங்கோ லிஃப்ட்டுக்குள் யாரோ மாட்டிக்கொண்டார்களாம்.

அன்று சாயங்காலம் செபக்குழு கூடும் நாள். புதன் தவறாமல் இந்த வீட்டில்தான் கூடும். காரணம் பக்தி என்று அவர்கள் சொல்வார்கள். செபம் முடிந்ததும் மேசைக்கு வரும் சாப்பாடுதான் காரணம் என்று இவளுக்குத் தெரியும். மாப்பிள்ளையோடு மூன்று பேர் வந்தார்கள். ரொட்டிக் கம்பெனி வேன் டிரைவர், பூட்டுக்கடைக்காரர், அடுத்தவர் செபத்தை முடிக்கும் முன்பே முடித்து வைத்துவிடுவதால் ஆமென் அண்ணன் என்று பேர் வாங்கியவர்.

அடுப்படி இருட்டாய்க் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் மாப்பிள்ளைக்கு விஷயம் உறைத்தது.

"அத்தை, காய்ச்சலா? சொல்லவே இல்லையே!"

"நீங்க கேக்கவே இல்லையே, மாப்பிள்ளை."

நால்வரும் கட்டிலைச் சூழ்ந்துகொண்டார்கள். இன்றைய நற்செய்தியே கண்முன் நடக்கிறது என்று ஆமென் அண்ணனுக்குப் புல்லரித்துப்போயிற்று. அவர் இவள் தலையில் வைத்த கை அம்மிக்கல் மாதிரி கனத்தது. செபம் ஏற ஏறக் குரலும் ஏறியது. அரைமணி நேரத்துக்கு முன் விழுங்கிய மாத்திரையும் அந்த நேரம் பார்த்து வேலையைக் காட்டியது. இவளுக்குக் குப்பென்று வேர்த்தது.

"குளிர்ந்துடுச்சு! நெத்தி குளிர்ந்துடுச்சு! அல்லேலூயா!" என்று கத்தினார் வேன் டிரைவர்.

கைதட்டல் ஓய்ந்தது. யாரும் நகரவில்லை. யாருடைய வயிறோ உறுமியது. ஆமென் அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"அம்மா, ஆண்டவர் தொட்டுட்டார். நற்செய்தியில அந்த அம்மா உடனே எழுந்து..."

"எழுந்தாங்க. ஏன்னா வந்திருந்த ஆம்பளைங்க ஒருத்தருக்கும் வெந்நீர் வைக்கத் தெரியாது." போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். "எனக்கு விசுவாசம் கொஞ்சம் மட்டு. நாளைக்குத்தான் எழுந்திருக்க முடியும். உப்பு இடது பக்க அலமாரியில இருக்கு."

நால்வரும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போனார்கள். பிறகு அங்கிருந்து வந்த சத்தம் ஒரு கப்பல் கவிழ்வதுபோல் இருந்தது. ஏதோ உருண்டது, ஏதோ பொங்கியது, "அணைங்க, அணைங்க!" என்று பூட்டுக்கடைக்காரர் அலறினார். இவள் சிரித்துச் சிரித்து இருமினாள்.

வெகுநேரம் கழித்து மாப்பிள்ளை மட்டும் கிண்ணத்தில் சூப்போடு வந்தார். இவள் எழுந்து உட்காரப் பார்த்தாள். முடியவில்லை. வாய்தான் வீறாப்புப் பேசியதே தவிர, முதுகு உண்மையிலேயே விட்டுப்போயிருந்தது. மாப்பிள்ளை தயங்கி நின்றார். ஒரு தம்ளர் தண்ணீரைக்கூட மேசையில் வைத்துத்தான் அத்தைக்குக் கொடுத்துப் பழக்கம். பிறகு கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, அவள் கையைப் பிடித்து மெல்லத் தூக்கி உட்கார வைத்தார். கிரீஸ் வாடையடிக்கும் சொரசொரத்த கை. புருஷன் போன பிறகு அவள் கையை இப்படி யாரும் பிடித்ததில்லை. கண்ணில் நீர் முட்டியது. நல்லவேளையாகச் சூப்பில் மிளகு அள்ளிக் கொட்டியிருந்தார்கள். பழியை அதன்மேல் போட்டாள்.

"அத்தை... காலையில நான் சொன்னது தப்பா?"

"தப்பில்ல. பாதிதான் சொன்னீங்க. இயேசு அந்த அம்மா கையைப் பிடிச்சுத் தூக்கினார்னு முன்னாடியே ஒரு வரி வருமே. அதை விட்டுட்டு நேரா சாப்பாட்டுக்குப் போயிட்டீங்க."

மாப்பிள்ளை நாற்காலியை இழுத்துப் போட்டார். கிண்ணம் காலியாகும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

மகள் வீடு திரும்பி, அடுப்பையும் பாத்திரங்களையும் பார்த்து வாயைப் பிளந்தாள். மிச்சமிருந்த சூப்பில் ஒரு வாய் குடித்துவிட்டு ஓடி வந்தாள்.

"யாரும்மா இதைச் செஞ்சது?"

"திருத்தூதருங்க" என்றாள் அம்மா.

காய்ச்சல் இறங்க மேலும் மூன்று நாள் ஆயிற்று. அடுத்த புதன் வேன் டிரைவர் ரொட்டி கொண்டுவந்தார், பூட்டுக்கடைக்காரர் வீட்டிலிருந்து குழம்பு வந்தது. அடுப்படியில் வேலையில்லாமல் மாமியார் முதல்தடவையாக அவர்களோடு உட்கார்ந்து செபித்தாள். செபம் இவ்வளவு நீளம் என்று இத்தனை வருஷம் தெரியாமல் போயிற்றே என்று நடுவில் இரண்டுமுறை கடிகாரத்தைப் பார்த்தாள்.