இன்குபேட்டருக்கு ஒரு பொட்டு

சினைப்பைப் புற்றுநோய்க்கும் உலகத்துப் பெண்களுக்கும் நடுவில் நிற்கும் ஒரே ஆண்மகன் தான்தான் என்பதில் விக்டருக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. உழவர்கரையிலிருந்து தட்டாஞ்சாவடி ஆய்வகத்துக்கு ஸ்கூட்டரில் வரும்போதே அந்தப் பொறுப்பு தலையில் கனக்கும். ஹெல்மெட்டுக்கு அங்கே இடமில்லை.

அவன் கொள்கை இதுதான். புற்றுநோய் உயிரணுவுக்குள் மரபணு சாவதில்லை. வாயில் துணியை அடைத்து மூலையில் உருட்டிவிடுகிறார்கள். அடைப்பவன் மீத்தைல் என்ற பொடிப்பயல், ஒரு வேதித் துணுக்கு. மரபணுவில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற மாட்டான். மேலே ஏறி உட்கார்ந்துகொள்வான், அவ்வளவுதான். மருந்து வந்து கதவைத் தட்டும்போது, 'செத்துத் தொலை' என்று அணுவுக்குக் கட்டளையிட வேண்டிய மரபணு ஊமையாகக் கிடக்கும். விக்டர் முதல் மருந்தால் அந்தப் பயல்களைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவான். இரண்டாவது மருந்தால் அணுக்களைக் கூண்டோடு தீர்ப்பான்.

தீர்க்கப்பட வேண்டியவை சேதராப்பட்டு செல்வாம்பாளின் வயிற்று நீரிலிருந்து வந்த அணுக்கள். எந்த மருந்துக்கும் மசியாதவை. நீரை எடுத்த அன்று அந்த அம்மா சொன்னது, "அதுங்கள விடாத தம்பி, வெச்சு செய்யி." போன மாதம் அவர் இறந்துவிட்டார். உறையவைத்திருந்த அணுக்களும் பழுது. இன்குபேட்டரின் இளஞ்சூட்டில் அணுக்கள் வளரும் ஒரே தட்டுதான் மிச்சம். முதல் மருந்து போட்டாயிற்று, இரண்டாவது நாளைக்கு. அதுவரை அவை உயிரோடு இருந்தாக வேண்டும், கொல்வதற்கு.

இடையில் ஆயுதபூஜை வந்தது.

காலையில் விக்டர் உள்ளே நுழைந்தபோது இன்குபேட்டர் கதவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். கற்பூரத் தட்டோடு நின்றான் சக ஆய்வு மாணவன் பிரேம்குமார்.

"இன்னாடா இது?"

"எல்லா மெஷினுக்கும் வெச்சாச்சு மச்சான். உன் செல்லுங்க நாளைக்கு நல்லபடியா சாவணும்னு வேண்டிக்கினேன்."

"பொட்டு வெச்சா மீத்தைல் கழண்டுக்குமா? அப்டியே ஒரு பூசணிக்காயும் ஒடச்சிரு, கேன்சரே ஊரவிட்டு ஓடிடும்."

"உன் ஸ்கூட்டர்ல மாதா ஸ்டிக்கர் இருக்குல்ல?"

"அது எங்கம்மா ஒட்டுனது. வண்டி பெட்ரோல்லதான் ஓடுது."

விக்டர் ஸ்பிரிட் பாட்டிலை எடுத்துப் பொட்டின்மேல் பீய்ச்சினான். மூடநம்பிக்கையைத் துடைப்பது அறிவியல் கடமை. பக்கத்தில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது ஸ்பிரிட்டுக்குத் தெரிந்தது, அவனுக்குத் தெரியவில்லை.

குப்பென்று நீலமாகப் பற்றியது. தீ அடங்கியபோது பொட்டும் இல்லை, பிரேம்குமாரின் மீசையில் வலது பாதியும் இல்லை.

பிரேம்குமார் கற்பூரத் தட்டைக் கீழே வைக்கவில்லை. விக்டரின் முகத்தில் வைத்தான். பித்தளை. புருவம் பிளந்து கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. விக்டர் குனிந்து அவன் வயிற்றில் முட்டினான். பூஜைக்கு வாங்கிய பொரிமூட்டை கிழிந்து, இருவரும் பொரிமேல் உருண்டார்கள். வெளியே பக்கத்துப் பட்டறை வாசலில் பூசணிக்காய் உடைந்தது. உள்ளே பிரேம்குமாரின் பல். அவன் கை விக்டரின் குரல்வளையைப் பிடித்து இறுக்கியது. விக்டர் காலை உதறினான். எதிலோ மாட்டியது. இன்னும் பலமாக உதைத்தான்; விடுபட்டது. கையில் அகப்பட்ட முழங்கையைக் கடித்தான், எலும்பு தட்டுப்படும்வரை.

டெக்னீஷியன் வெரோனிகா அக்கா ஒரு வாளித் தண்ணீரை இருவர்மேலும் கொட்டினார்.

"த்தூ, நாய்ங்களா! இதுங்க ரெண்டும் டாக்டர் பட்டம் வாங்கப் போவுதாம். போங்கடா, தையல் போட்டுக்கினு வாங்க!"

ஒரே ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மாதா ஸ்டிக்கர்மேல் யாருடைய ரத்தம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பிற்பகல் திரும்பியபோது இன்குபேட்டரில் எண்கள் தெரியவில்லை. விக்டர் தொட்டான். சில்லென்று இருந்தது.

"எவன்டா பிளக்கப் புடுங்குனது?" என்று கத்தினான்.

பிரேம்குமார் கீழே காட்டினான். தரையில் கிடந்த வயரில் விக்டரின் அறுந்த செருப்புவார் சிக்கியிருந்தது.

விக்டர் அணுக்கள் இருந்த தட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தான். அணுக்கள் கொஞ்சம் செத்து உருண்டு மிதந்தன. மற்றவை தட்டின் அடியில் ஒட்டிக்கொண்டுதான் இருந்தன.

"பொழைக்குமாடா?" என்றான் பிரேம்குமார், வீங்கிய உதட்டோடு.

"காலையிலதான் தெரியும்."

"போயி ஐஸ் வாங்கியாறேன். உனக்கும் வாங்கணுமா?"

"ம்."

அவன் படியிறங்கும் சத்தம் ஓயும்வரை விக்டர் காத்திருந்தான். பிளக்கைச் சொருகினான். எண்கள் மெல்ல ஏறின. கதவைத் திறந்து தட்டை உள்ளே வைத்து மூடினான். பிறகு மண்டியிட்டு, மேசைக்கடியில் ஊறிப்போன பொரியைக் கையால் தள்ளித் தள்ளித் தேடினான். சந்தனக் கிண்ணம் கிடைத்தது. குங்குமப் பொட்டலமும் கிடைத்தது; பாதி நனைந்திருந்தது.

வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு, கதவில் வைத்தான். கொஞ்சம் கோணல். கைக்குட்டையால் துடைத்துவிட்டு, மறுபடி நேராக வைத்தான்.