வரிசையில் கடைசி ஆள்

என் மாமியார் சொர்ணவல்லிக்குச் சந்தேகம் என்பது காலைக் காப்பி மாதிரி. ஒரு நாள் இல்லாவிட்டால் தலை வலிக்கும். பால்காரர் தண்ணீர் கலக்கிறார், பக்கத்து வீட்டு ஆடு வேண்டுமென்றே நம் வேலியைக் கடிக்கிறது, செல்போன் கடைக்கு வேலைக்குப் போகும் மருமகள் பஸ்ஸில் யாரோடோ சிரித்துப் பேசுகிறாள். இதையெல்லாம் கேலி செய்தே பொழுதை ஓட்டியவள் நான். ஆனால் போன வாரம் எங்கள் வீட்டில் பெரிய சந்தேகப்பிராணி யார் என்று கேட்டிருந்தால் என்னைத்தான் காட்டியிருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை எங்கள் கொல்லைக்காட்டில் கடலை பறித்தோம். முந்திரி மர நிழலில் ஆளுக்கொரு சாக்கு விரித்து ஐந்து பெண்கள் உட்கார்ந்து கடலை ஆய்ந்துகொண்டிருந்தோம். அத்தை, நான், பக்கத்து வீட்டு ராக்காயி அக்கா, வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த இரண்டு பேர். மத்தியானச் சோற்றுக்கு எழுந்தபோது அத்தை வலது காதைத் தடவினார். ஏழுகல் தோடு இல்லை. அவர் கல்யாணத்துக்கு அவருடைய அம்மா போட்டது.

“யாரும் அங்கிட்டு இங்கிட்டு நகரக் கூடாது” என்றார்.

சேலையை உதறினோம், செடியை உதறினோம், கிடைக்கவில்லை. வீட்டு ஆட்டுக்கென்று ஆளுக்கு ஒரு கட்டு கடலைக்கொடி கட்டி வைத்திருந்தோம். அதையும் எடுத்துப் போகக் கூடாது என்றுவிட்டார். அவர் கண் ஒவ்வொரு முகமாகப் போய்வந்தது. என் முகத்தில் கொஞ்சம் கூடுதலாக நின்றது. அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

கண்டுபிடித்துக் காட்டுகிறேன் பார் என்று அன்று சாயங்காலமே உட்கார்ந்தேன். நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. பழைய ரேடியோவிலிருந்து எடுத்த ஃபெரைட் கம்பியில் செம்புக் கம்பியைச் சுற்றினேன். சின்ன போர்டு, ஒன்பது வோல்ட் பேட்டரி, ஒரு பஸ்ஸர், எல்லாவற்றையும் ஒரு துண்டு பிவிசி குழாய்க்குள் திணித்தேன். உலோகம் பக்கத்தில் வந்தால் கத்தும். என் கம்மலைக் கழற்றி வைத்துப் பார்த்தேன். இரண்டு விரல் தூரத்தில் கத்தியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

புதன்கிழமை காலையில் ஐந்து பேரும் மறுபடி கொல்லையில் கூடினோம். அரை மணி நேரம் வெயிலில் செம்மண்ணைத் தடவினேன். ஒன்றும் இல்லை. பிறகு கொடிக்கட்டுகளை வரிசையாக வைத்தோம். யாரும் குறை சொல்லக் கூடாதென்று என் கட்டை முதலில் சோதித்தேன். நான்கு கட்டுக்கும் மிஷின் சும்மா இருந்தது. ஐந்தாவது ராக்காயி அக்காவுடையது. கிட்டே கொண்டுபோனதும் வீல் என்று கத்தியது.

கட்டைப் பிரித்து ஒவ்வொரு கொடியாக உதறினோம். தோடு இல்லை.

“பிரிக்கிறப்பவே எடுத்து மறைச்சிருப்பா” என்றார் அத்தை.

“நான் எதையும் எடுக்கல” என்றாள் ராக்காயி அக்கா. “ரஞ்சிதா, மிஷின் தப்பாக் கத்தாதா?”

“மிஷின் பொய் சொல்லாதுக்கா” என்றேன்.

அதைச் சொன்ன பிறகு எனக்கு எல்லாமே பொருந்தி வந்தது. செவ்வாய்க்கிழமை தலைவலி என்று அவள் நடுவில் எழுந்து போய் வந்தது, மகளுக்கு ஒரு தோடு வாங்க வேண்டும் என்று போன மாதம் சொன்னது, இப்போது என்னைப் பார்க்காமல் மண்ணைப் பார்ப்பது. என் கணவர் சிங்கப்பூரில் இருந்தபோது பிரசவ வலியோடு புதுக்கோட்டைக்கு ஆட்டோவில் போனேனே, அப்போது வழியெல்லாம் என் கையைப் பிடித்து வந்தவள் இவள்தான் என்பது மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை.

“வெள்ளிக்கிழமை அய்யனார் கோயில்ல காசு வெட்டிப் போடுவோம்” என்றார் அத்தை.

காசு வெட்டுவது எங்கள் பக்கம் சின்ன விஷயமில்லை. சாமி முன்னால் ஒரு ரூபாய்க் காசை உளி வைத்து இரண்டாக வெட்டிவிட்டால், குற்றம் செய்தவரைச் சாமி பார்த்துக்கொள்ளும். காசு வெட்டிய வீட்டுக்கும் வெட்டப்பட்ட வீட்டுக்கும் அதோடு உறவு முடிந்தது. நல்லது கெட்டது கிடையாது, ஒரு சொம்புத் தண்ணீர் கிடையாது. செத்தாலும் போக மாட்டார்கள்.

“வாரேன்” என்றாள் ராக்காயி அக்கா.

வியாழக்கிழமை மிஷினை ஆலங்குடியில் நான் வேலை பார்க்கும் செல்போன் கடைக்கு எடுத்துப் போயிருந்தேன். மத்தியானம் ஒரு போனுக்கு ஹாட் ஏர் குழலால் சுடுகாற்று பிடித்துக்கொண்டிருக்கையில், மேஜை ஓரத்தில் கிடந்த மிஷின் தானாகக் கத்தியது. பக்கத்தில் ஒரு ஆணிகூட இல்லை. தள்ளி வைத்தேன், கொஞ்ச நேரத்தில் அடங்கியது. மறுபடி சூடு காட்டினேன், கத்தியது. வாசலில் வெயிலில் வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். முப்பத்தைந்தாவது நிமிஷம் வீல் என்றது.

கொல்லையில் அரை மணி நேர வெயிலுக்குப் பிறகு அது எதைக் காட்டினாலும் கத்தியிருக்கும். வரிசையில் கடைசியாக யார் கட்டு இருந்ததோ அவள் திருடி. என் கட்டு கடைசியில் இருந்திருந்தால் நான் திருடி.

உடனே போனை எடுத்தேன். ராக்காயி அக்கா பெயர் வரை போய் நிறுத்தினேன். அத்தனை பேர் முன்னால் பொய் சொல்லாது என்று சொன்ன வாய் இது. முதலில் மிஷினைச் சரிசெய்வோம், தோட்டைக் கண்டுபிடிப்போம், அதைக் கையில் கொடுத்து விஷயத்தைச் சொல்லிக்கொள்ளலாம் என்று போனை வைத்துவிட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது என்பதுதான் உண்மை.

சூட்டுக்கு மாறும் மலிவான கெப்பாசிட்டர்களைப் பிடுங்கி நல்லதாகப் போட்டேன். பேட்டரி இறங்கினாலும் வோல்ட் மாறாமலிருக்க ரெகுலேட்டர் வைத்தேன். கம்பிச் சுற்று அசையாமல் பசை ஊற்றினேன். கை பட்டால் சிணுங்காமலிருக்க உள்ளே அலுமினியத் தாள் சுற்றி கிரவுண்டில் சேர்த்தேன். எங்கள் செம்மண்ணில் இரும்பு அதிகம் என்பதால், மண்ணில் வைத்து அழுத்தினால் அந்த இடத்தைச் சுழியமாக எடுத்துக்கொள்ள ஒரு பட்டன். பிறகு கடையின் ஓட்டுக் கூரைமேல் வெயிலில் ஒரு மணி நேரம் போட்டேன். மூச்சு விடவில்லை. கம்மலைக் காட்டினேன், கத்தியது. எடுத்தேன், அடங்கியது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கொல்லைக்கு ஓடினேன். முந்திரி மரத்தடியில் அங்குலம் அங்குலமாகத் தடவினேன். ஒரு ஆணியும் ஒரு சோடா மூடியும் கிடைத்தன. மிஷின் சொன்ன இடத்தில் அவை இருந்தன. கொடிப் போரைத் தடவினேன். கடைசியில் மோட்டார் கொட்டகையில் மடித்துக் கிடந்த சாக்குகளைப் பார்த்தேன். மேலே கிடந்தது அத்தை உட்கார்ந்திருந்த நீலக்கரைச் சாக்கு. புதன்கிழமை அதை யாரும் தொடவில்லை. தோட்டைப் பறிகொடுத்தவரின் சாக்கை யார் சோதிப்பார்கள்? ஓரத்து மடிப்பில் வைத்தேன், சத்தம் வந்தது. பிரித்தால் ஏழு கல்லும் பல்லைக் காட்டின.

கோயிலுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். பூசாரி வெள்ளைச்சாமி கல்லையும் உளியையும் கழுவிக்கொண்டிருந்தார். அத்தைக்கு எதிரே ராக்காயி அக்கா ஈரத்தலையோடு நின்றாள். இரண்டு நாளாகச் சாப்பிடாத முகம்.

“தோடு கெடைச்சிருச்சு” என்றேன். “அத்தை சாக்குலதான் இருந்துச்சு. மிஷின்தான் சூட்டுல தப்பாக் கத்திருச்சு. மன்னிச்சிருங்கக்கா.”

அத்தை தோட்டை வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டார். “அய்யனார் கண்ணத் தொறந்துட்டாரு. இனி என்ன, கும்பிட்டுட்டுப் போவோம்” என்றார்.

ராக்காயி அக்கா நகரவில்லை. “மிஷின் தப்புன்னு ஒனக்கு எப்பத் தெரியும்?”

பொய் சொல்லியிருக்கலாம். அய்யனார் முன்னால் நாக்கு எழவில்லை. “நேத்து மத்தியானம்.”

“நேத்து மத்தியானமே தெரியும்” என்று மெதுவாகச் சொன்னாள். “நேத்துச் சாயங்காலம் எம் மக, ஸ்கூல்ல எல்லாரும் திருடி மகள்னு சொல்றாங்கன்னு அழுதுக்கிட்டு வந்தா. நாங்க சோறாக்கல. ஒரு சுவருக்கு அங்கிட்டுத்தானே இருந்த, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அத்த சந்தேகப்பட்டது எனக்குப் பெருசில்ல. அவங்க சொபாவம் அது.”

முந்தானையிலிருந்து ஒரு ரூபாயை எடுத்துக் கல்லில் வைத்தாள். “பூசாரி, உளியக் குடுங்க.”

வெள்ளைச்சாமி என்னைப் பார்த்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டுதான் நின்றேன். மூன்றாவது அடியில் காசு வெட்டுப்பட்டது. ஒரு பாதியைச் சாமி காலடியில் வைத்தாள். மறுபாதியை என் பக்கம் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

பாதிக் காசு செம்மண்ணில் புதைந்துவிட்டது. தேடக் குனிந்தபோது கையிலிருந்த மிஷின் ஒலித்தது. கையை எடுத்தேன், நின்றது. மறுபடி கொண்டுபோனேன், அதே இடத்தில், அதே அளவில் ஒலித்தது. துளிக்கூடத் தப்பவில்லை.